முள்ளந்தண்டு இணைப்புச் சத்திரசிகிச்சை: முடிவெடுத்த நாள் முதல் கடற்கரையில் நடந்த நாள் வரை நான் பெற்ற சேவைகள்

நாரியின் (கீழ்முதுகின்) நான்காம், ஐந்தாம் முள்ளென்புகளை 4 டைட்டேனியத் திருகாணிகளாலும் 2 தண்டுகளாலும் பிணைக்கும் சத்திரசிகிச்சையை நான் செய்துகொண்டு 14 மாதங்கள் ஆகின்றன. மீண்டும் கைத்தடி இல்லாமல் வெளியே நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, சந்தையிலும் கோயில் வீதியிலும் என்னை மறித்து, "நீங்களும் செய்தீங்களாம், செய்யலாமோ?" என்று கேட்டவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் நின்றபடி பதில் சொல்வது எனக்கும் கடினம், கேட்பவருக்கும் போதாது. ஆகவே ஆலோசனை, வைத்தியசாலைத் தங்கல், வீடு வந்து செய்த இயன்மருத்துவம் (பிசியோதெரபி), வாங்கிய பொருட்கள் ஆகிய எல்லாவற்றையும் நான் கண்டவாறு இங்கே மதிப்பிட்டு எழுதுகிறேன். பெயர்களைக் குறிப்பிடவில்லை, எந்த வைத்தியசாலை என்பதைவிட அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதே அடுத்தவருக்குப் பயன்படும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சத்திரசிகிச்சைக்கூடத்தில் நடந்ததைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. குறைகள் அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் இருந்தன. எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவிகளும் அவ்விடங்களிலேயே இருந்தன.

என் வயது 57. 30 ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்று கணிதம் கற்பித்தவள். நாரி நோவு எனக்குப் பழைய சொந்தம். அதை நான் நோய் என்று எண்ணியதே இல்லை. ஆனால் கடைசி ஒன்றரை ஆண்டில் வலி நாரியை விட்டுக் கால்களுக்கு இறங்கியது. 5 நிமிடம் நின்றால் இடது பிட்டத்திலிருந்து கணுக்கால் வரை கனத்து, எரிந்து, பிறகு மரத்துப்போகும். எங்கள் திருகோணமலையின் டச்சு விரிகுடாக் கரையில் நடக்கப் போனால் ஒவ்வொரு இருக்கையிலும் அமர்ந்து அமர்ந்தே போக வேண்டியிருந்தது. அமர்ந்தால் 2 நிமிடத்தில் வலி போய்விடும். எவருக்கும் விளங்காத ஒரு விடயம் என்னவென்றால், என்னால் நடக்க முடியாத தூரத்தைச் சைக்கிளில் நோவில்லாமல் ஓட முடிந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது நான் மிகைப்படுத்துகிறேன் என்றே நினைத்தார்கள். பின்னர்தான் காரணம் தெரிந்தது: முன்னால் குனியும்போது முள்ளந்தண்டின் நரம்புக் குழாய் சற்று விரிகிறது, நிமிர்ந்து நிற்கும்போது ஒடுங்குகிறது. சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்திருக்கும்போது நரம்புகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

எம்.ஆர்.ஐ. ஸ்கானில், நான்காம் முள்ளென்பு ஐந்தாவதன் மேல் முன்னோக்கி வழுக்கியிருப்பதும் அவ்விடத்தில் நரம்புக் குழாய் நெரிபட்டிருப்பதும் தெரிந்தன. வழுக்கல் முள்ளென்பின் அகலத்தில் 25 சதவீதத்துக்குள், அதாவது மிகக் குறைந்த முதலாம் தரம். 50 வயதைக் கடந்த பெண்களில் தேய்மானத்தால் வரும் வழுக்கல் பெரும்பாலும் இதே இடத்தில்தான் நேரும் என்று பிறகு அறிந்தேன்.

முதலில் நான் கண்ட நிபுணரிடம் ஏழெட்டு நிமிடங்களே இருந்தேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை, நடந்து காட்டவும் சொல்லவில்லை. "இணைத்துவிடலாம்" என்று கூறி, அடுத்த மாதத்தில் ஒரு திகதியும் தந்தார். என்ன இணைப்பது, எதனால், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க நான் வாய் திறக்கும்போது அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். அவருடைய கைத்திறனைப் பற்றி நான் ஒரு சொல்லும் குறைவாகச் சொல்ல மாட்டேன், அதை அறியும் வாய்ப்பே எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் நாரியை நிரந்தரமாக மாற்றும் முடிவுக்கு அந்த நிமிடங்கள் போதாது. வெளியே வந்து கதிரையில் அமர்ந்தபோது, வலியை விடப் பெரிய பயம் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தத் திகதியை நான் தவிர்த்தேன்.

இரண்டாவது நிபுணரை என் மகள் தேடிப் பிடித்தாள். அவரிடம் 40 நிமிடங்கள் இருந்தோம். இந்த முழு அனுபவத்திலும் நான் பெற்ற மிக உயர்ந்த சேவை அந்த 40 நிமிடங்களே. குதிக்காலில் நடக்கச் சொன்னார், விரல் நுனியில் நடக்கச் சொன்னார், கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் அழுத்திப் பார்த்தார். பெருவிரலைத் தூக்கும் வலிமை ஐந்தாம் நாரி நரம்போடு தொடர்புடையது. என் இடது பெருவிரல் சற்று தளர்ந்திருந்தது. ஸ்கான் படுத்தபடி எடுக்கப்படுவதால் நிற்கும்போது நேரும் அசைவு அதில் தெரியாது என்று கூறி, நிமிர்ந்து நின்றும் முன்னால் குனிந்தும் பின்னால் வளைந்தும் எக்ஸ்றே எடுக்கச் சொன்னார். அதன் பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, உங்களை நிப்பாட்டுறது நாரியா, காலா?"

அந்தக் கேள்வியை நான் அதற்கு முன் எனக்குள்ளேயும் கேட்டதில்லை. காலுக்கு இறங்கும் வலி நரம்பு நெரிபடுவதால் வருவது. நெருக்கத்தை எடுத்துவிட்டால் அது குறையும் வாய்ப்பு அதிகம். நாரியில் மட்டும் இருக்கும் வலிக்குக் காரணங்கள் பல. அதைச் சத்திரசிகிச்சையால் போக்கிவிடலாம் என்று அதே உறுதியோடு எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. இதை அவர் மெதுவாக, இரண்டு தடவை சொன்னார். என்னிடம் இருந்த வழிகள் மூன்று என்றும் விளக்கினார். மாத்திரைகளோடும் பயிற்சியோடும் தேவையானால் நரம்புப் பகுதிக்குப் போடும் ஊசியோடும் தொடர்வது முதலாவது. நெரிக்கும் என்பையும், என்புகளைப் பிணைக்கும் தடித்த நாரையும் மட்டும் அகற்றி நரம்புக்கு இடம் கொடுப்பது, அதாவது நரம்பு விடுவிப்பு, இரண்டாவது. அதோடு சேர்த்து இரண்டு முள்ளென்புகளையும் ஒன்றாக்குவது மூன்றாவது.

மூன்றாவது வழி எப்போதும் இரண்டாவதைவிட மேலானது அல்ல என்று அவரே சொன்னதுதான் என்னை அவரிடம் நம்பிக்கை கொள்ளச் செய்தது. வீட்டுக்கு வந்து மகளும் நானும் அது பற்றித் தேடி வாசித்தோம். 2016 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் வந்திருந்தன. சுவீடனில் 247 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வில், நரம்பு விடுவிப்போடு இணைப்பையும் சேர்த்துச் செய்தவர்கள் 2 ஆண்டுகளின் பின் மற்றவர்களைவிட நலமாக இருக்கவில்லை. அவர்களுக்கு இரத்த இழப்பும் வைத்தியசாலை நாட்களும் செலவும் அதிகமாக இருந்தன. அமெரிக்காவில் 66 பேரில் செய்த மற்ற ஆய்வு, வழுக்கல் உள்ளவர்களுக்கு இணைப்பினால் ஓரளவு நன்மை உண்டு என்றது. 2021 இல் அதே இதழில் வெளிவந்த நோர்வே ஆய்வோ, வழுக்கல் உள்ள 267 பேரில், விடுவிப்பு மட்டும் செய்வது 2 ஆண்டுகளில் இணைப்புக்குக் குறைந்ததாக இல்லை என்று கண்டது. அறிஞர்களே ஒரே முடிவுக்கு வராத இடத்தில், "இணைத்துவிடலாம்" என்ற ஒரு சொல்லோடு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது எப்படிச் சரியாகும் என்று நான் இன்றும் கேட்கிறேன்.

அவ்வாறாயின் எனக்கு ஏன் இணைப்பு? குனிந்தும் வளைந்தும் எடுத்த எக்ஸ்றேக்களில் என் நான்காம் முள்ளென்பு நன்றாகவே அசைந்தது. எழும்பும்போதும் திரும்பும்போதும் நாரியில் ஏதோ விலகுவது போன்ற வலியும் எனக்கு இருந்தது. அத்தகைய அசைவுள்ள இடத்தில் என்பை மட்டும் அகற்றினால் வழுக்கல் கூடக்கூடும் என்பதே அவருடைய கணிப்பு. அதன் பின்னும் அவர் அவசரப்படுத்தவில்லை. முதலில் 3 மாதம் பயிற்சி செய்யச் சொன்னார். ஊசி ஒன்றும் போட்டார். அது 5 கிழமைகள் சுகம் தந்து மறைந்தது. இதற்கிடையில் என் நீரிழிவைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார், ஏனெனில் சீனி உயர்ந்திருந்தால் காயத்தில் கிருமி தொற்றும் ஆபத்து கூடும். கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6 இலிருந்து 7.1 க்கு வந்தது. என்பின் அடர்த்தியையும் அளந்து பார்த்தார்; என்பு மெலிந்திருந்தால் திருகாணி உறுதியாகப் பிடிக்காமல் போகலாம். புகைப்பவர்களுக்கு என்பு சேர்வது தடைப்படும் என்பதால் முதலில் அதை நிறுத்தச் சொல்வாராம். அந்தக் கேள்வியை என்னிடமும் தவறாமல் கேட்டார்.

முடிவெடுக்கும் காலத்தில் நம் ஊரில் மூவருடன் பேசினேன். திருக்கடலூரைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளிக்கு முள்ளென்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் இடைத்தட்டு பிதுங்கிக் கால் வலி தாங்க முடியாமல் இருந்தது; சத்திரசிகிச்சைக்குத் திகதி வரும் முன்னரே, 3 மாதத்தில் வலி தானாகத் தணிந்துவிட்டது. தட்டுப் பிதுக்கத்தால் வரும் கால் வலி பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளில் அல்லது மாதங்களில் இவ்வாறு அடங்குவதுண்டு. அவர் என்னிடம் "அவசரப்படாதேங்கோ அக்கா" என்றார். உப்புவெளியில் ஓய்வுபெற்ற ஓர் எழுதுவினைஞர் விடுவிப்பு மட்டும் செய்துகொண்டு மூன்றாம் நாளே வீடு திரும்பியிருந்தார். மூதூரில் ஓர் அம்மா, கால் வலி இல்லாமலே, நாரி வலிக்காக மட்டும் இணைப்புச் செய்துகொண்டவர். இரண்டு ஆண்டுகள் கடந்தும் அவருக்கு அதே வலி. "கால் நோகுதா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை மகள்" என்று அவர் சொன்னபோது எனக்கு அந்த 40 நிமிடங்களின் பெறுமதி முழுமையாக விளங்கியது. இந்தச் சிகிச்சையைச் செய்தவர்களிடம் "சுகமா?" என்று கேட்பதில் பயனில்லை. என்ன வலிக்காகச் செய்தார்கள் என்று கேட்க வேண்டும்.

சத்திரசிகிச்சை கொழும்பில், மாசி மாதத்தில் நடந்தது. ஏறக்குறைய 4 மணித்தியாலங்கள். நரம்பை நெரித்த என்பை அகற்றி, அந்த என்பையே நொறுக்கித் தட்டு இருந்த இடத்தில் ஒரு சிறு கூட்டினுள்ளும் அதன் பக்கங்களிலும் நிரப்பித் திருகாணிகளால் இறுக்கினார்கள். உலோகமே முள்ளந்தண்டைக் காலம் முழுவதும் தாங்குகிறது என்று நானும் எண்ணியிருந்தேன், அது பிழை. உலோகம் பிடித்துக்கொண்டிருப்பது என்பு வளர்ந்து ஒன்றாகும் வரைதான். அதற்கு 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். என்பு சேராவிட்டால் எந்த உலோகமும் காலப்போக்கில் தளரவோ முறியவோ கூடும். 1911 இல் நியூயோர்க்கில் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் செய்த இரு வைத்தியர்களிடம் திருகாணியே இருக்கவில்லை; முள்ளந்தண்டுக் காசநோய்க்காக அவர்கள் என்பைக் கொண்டே என்பை இணைத்தார்கள். இந்த ஒரு செய்தியை விளங்கிக்கொண்டால் பின்னர் வரும் கட்டுப்பாடுகள் அனைத்தும் தாமாகவே விளங்கும்.

விடுதியில் தாதியர் நன்றாகக் கவனித்தார்கள். மறுநாள் காலையிலேயே எழுப்பி நிறுத்தினார்கள். உடலை மரக்குற்றி போல ஒரே பாங்கில் உருட்டிப் பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்பும் முறையைப் பொறுமையோடு பழக்கினார்கள். ஆனால் மொழி பெரிய இடராக இருந்தது. எனக்குச் சிங்களம் கொஞ்சம். வலி மருந்தின் மயக்கத்தில் அந்தக் கொஞ்சமும் வரவில்லை. எரிகிற வலி வேறு, இழுக்கிற வலி வேறு, மரத்துப்போவது வேறு. நரம்பு விடயத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது. முதல் இரவு நான் "விறைக்குது" என்று சொன்னதைக் குளிர்கிறது என்று எண்ணிப் போர்வை கொண்டுவந்தார்கள். இரண்டாம் இரவு வந்த ஒரு தாதி, என் மகளிடம் ஐந்தாறு தமிழ்ச் சொற்களைக் கேட்டுத் தன் கையில் எழுதிக்கொண்டு, காலின் ஒவ்வோர் இடத்தையும் தொட்டு அந்தச் சொற்களைச் சொல்லிக் கேட்டார். அந்தப் பிள்ளையை நான் மறக்க மாட்டேன்.

என் பெரிய குறை வீட்டுக்கு அனுப்பிய விதத்தில்தான். ஐந்தாம் நாள் காலை, 10 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஆங்கிலத்தில் ஒரு தாள், ஒரு பை மாத்திரை, முதலில் சொன்னதைவிடக் கூடிய ஒரு பற்றுச்சீட்டு. திருகாணி, தண்டு, கூடு ஆகியவற்றின் விலையைத் தனியாக முன்கூட்டியே எழுத்தில் கேட்காதது எங்கள் தவறு. கேட்காமலே தராதது அவர்கள் தவறு. நான் கொழும்பிலேயே உள்ள வெள்ளவத்தைக்குப் போகிறேனா 260 கிலோமீற்றருக்கு அப்பால் போகிறேனா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. எந்த அறிகுறி தோன்றினால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது என்பதையும் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. மகள் அந்த ஆங்கிலத் தாளிலிருந்து தமிழில் எழுதித் தந்தாள். சிறுநீர் போக முடியாமல் இருப்பது அல்லது அறியாமலே போவது, மலம் கட்டுப்படாமல் போவது, அமரும் இடமும் தொடைகளின் உட்பக்கமும் மரத்துப்போவது, காலில் புதிதாகத் தளர்ச்சி ஏற்படுவது ஆகியவை உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை. காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ் கசிவது, கெண்டைக்கால் வீங்கி நோவது, மூச்சு முட்டுவது ஆகியவையும் அப்படியே. இதைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

அன்றே வான் வண்டியில் புறப்பட்டது எங்கள் மிகப் பெரிய பிழை. வெள்ளவத்தையில் மச்சாளின் வீடு இருந்தும், எனக்கு என் கட்டிலில் படுக்க வேண்டும் போல இருந்தது. குருநாகலைத் தாண்டும்வரை தாங்கினேன். தம்புள்ளையில் இறக்கி நடத்தினார்கள். ஹபரணைக்குப் பின் ஒவ்வொரு வேகத்தடுப்பும் காயத்துக்குள் இறங்கியது. கந்தளாயில் நான் அழுதுவிட்டேன். 45 நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, இறங்கிச் சில நிமிடம் நடப்பது நோவுக்கு மட்டுமன்றிக் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கவும் அவசியம். அதைச் செய்தோம் என்பது மட்டுமே அந்தப் பயணத்தில் சரியாக நடந்தது. நம் ஊரிலிருந்து போகின்றவர்கள் கொழும்பில் யாரிடமாவது ஒரு கிழமை தங்கிவிட்டு வருவதற்கு ஆயத்தமாகப் போங்கள். இருக்கையை நன்றாகச் சாய்க்கக்கூடிய வாகனத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் குனிதல், பாரம் தூக்குதல், முறுக்கித் திரும்புதல் மூன்றும் 3 மாதத்துக்குத் தடை. நம் வீடுகளில் எத்தனை வேலைகள் இந்த மூன்றாலும் ஆனவை என்பது அப்போதுதான் தெரிகிறது. திருவலையில் அமர்ந்து தேங்காய் திருவ முடியாது, கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாது, வாசல் கூட்ட முடியாது, சோற்றுப் பானையை இறக்கி வடிக்க முடியாது. என் கணவர் 61 வயதில் முதன்முதலாகச் சோறு வடித்தார். எவரும் முன்கூட்டிச் சொல்லாத வேறொன்று மலச்சிக்கல்: வலி மாத்திரைகளால் அது வரும், முக்கினால் காயம் நோகும். பப்பாசியும் தண்ணீரும் போதவில்லை; மருந்தே தேவைப்பட்டது. மூன்றாம் கிழமையில் மனம் மிகவும் சோர்ந்துபோனது. வலி குறைந்துகொண்டு வரும் காலத்திலேயே அது வந்ததால் எனக்கே காரணம் விளங்கவில்லை. இரவில் தூக்கமில்லாமலும், ஒரு துவாய் எடுக்கக்கூடப் பிறரை அழைத்துக்கொண்டும் கிடந்தால் எவருக்கும் அப்படி வரும் என்று இப்போது சொல்கிறேன்.

பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் எண்ணெய் போட்டு உருவச் சொன்னார்கள். மீதிப்பேர் கன்னியா வெந்நீரூற்றில் நாரிக்கு ஊற்றச் சொன்னார்கள். இரண்டையும் அன்பினால் சொன்னார்கள். நான் சிறுவயது முதல் மதிக்கும் ஒரு சித்த வைத்தியரிடமே கேட்டேன். ஆறாத காயத்தில் எண்ணெயும் கூடாது, உருவுவதும் கூடாது, ஊற்று நீரும் கூடாது என்று அவர் தெளிவாகச் சொன்னார். அவர் சொன்ன பிறகே வீட்டில் பேச்சு அடங்கியது.

இனி இயன்மருத்துவம். தனியாக வீடுகளுக்குச் சென்று பணிபுரியும் ஓர் இளம் இயன்மருத்துவர் கிழமைக்கு இரண்டு தடவை வந்தார். சத்திரசிகிச்சை நிபுணரின் தாளை வாசித்து, விளங்காத ஓரிடத்துக்கு அவரையே தொலைபேசியில் கேட்ட பின்னரே என்னைத் தொட்டார். "ரீச்சர், நோவு எவ்வளவு எண்டு நான் ஒவ்வொரு நாளும் கேக்கமாட்டன். எவ்வளவு தூரம் நடந்தீங்கள் எண்டுதான் கேப்பன்" என்றார். ஒரு கொப்பியில் நாளும் நடந்த நிமிடங்களும் எழுதச் சொன்னார். கணித ஆசிரியைக்கு ஏற்ற மருந்து அது. முதல் கிழமை வீட்டு விறாந்தையில் 5 நிமிடம், நாளுக்கு ஆறு தடவை. மூன்றாம் கிழமை ஒழுங்கை முனை வரை. ஆறாம் கிழமையில், அதிகாலை 5.30 மணிக்கு, டச்சு விரிகுடாக் கரையின் நடைபாதையில் 20 நிமிடம், ஓரிடத்திலும் அமராமல் நடந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னை, நிற்கவும் முடிகிறதே என்று என் கணவர் சொன்னபோது இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

முதல் 6 கிழமைகள் நடையைத் தவிர வேறு பயிற்சி எதையும் அவர் தரவில்லை. சீக்கிரம் தேற வேண்டும் என்று நான் வற்புறுத்தியும் இணங்கவில்லை. அவருடைய திறமைக்கு அதுவே சான்று. 12 கிழமை எக்ஸ்றேக்குப் பிறகுதான் வயிற்றுத் தசைகளையும் பிட்டத் தசைகளையும் பலப்படுத்தும் பயிற்சிகள் வந்தன. சமையலறைக்கும் வந்து, அடிக்கடி எடுக்கும் பாத்திரங்களை இடுப்புயரத் தட்டுக்கு மாற்றி, திருவலையை மேசையில் பொருத்தித் தந்தார். குறையும் உண்டு. 2 கிழமைகள் அவர் ஊரில் இல்லாதபோது பதிலுக்கு ஒருவரை ஒழுங்குசெய்யவில்லை. வருவதாகச் சொன்ன நேரம் ஒரு மணித்தியாலம் பிந்துவது வழக்கமாக இருந்தது. பணத்துக்குப் பற்றுச்சீட்டு கேட்டால் மட்டுமே தருவார். இருந்தும், வேறொருவருக்குச் சொல்வதாயின் தயக்கமின்றி அவரையே சொல்வேன்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. நாரிப் பட்டியை நகரக் கடையொன்றில் உடுப்பளவு சொல்லி வாங்கினோம். அது மேலேறி விலாவில் குத்தியது. நாடாவால் இடுப்பைச் சுற்றி அளந்து வாங்க வேண்டும். பங்குனி வெயிலில் அதனுள் வியர்க்குரு போட்டது. உள்ளே பருத்திப் பனியன் அணிந்த பின் தாங்கக்கூடியதாயிற்று. திருகாணி போட்டவர்களுக்குப் பட்டியால் பெரிய நன்மை உண்டு என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று சொல்லியே, நிற்கும் நேரங்களுக்கு மட்டும், 6 கிழமைகளுக்கு அணியச் சொன்னார் நிபுணர். கொமட்டின் மேல் பொருத்தும் உயர்த்தும் இருக்கைதான் எல்லாவற்றிலும் பயனுள்ள பொருள். அதை இங்கே தேடிக் கிடைக்காமல் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். வோக்கர் 3 கிழமைக்கே தேவைப்பட்டது. இரவல் வாங்கினால் போதும். நீண்ட பிடியுள்ள இடுக்கியொன்றை மகள் வாங்கித் தந்தாள். விழுந்த பேனையைக் குனியாமல் எடுக்க இன்றும் அதைப் பயன்படுத்துகிறேன்.

14 மாதத்தின் பின் நிலை இது. கால் வலி இப்போது அறவே இல்லை. கண் விழித்த அன்றே அது போய்விட்டது. இடது பெருவிரலின் மேற்புறம் இன்னும் மரத்தே இருக்கிறது. நீண்ட காலம் நெரிபட்ட நரம்பு முழுவதும் திரும்பாமலும் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காலையில் நாரி இறுகியிருக்கும், அரை மணித்தியாலம் நடந்தால் இளகும். தரையில் நீண்ட நேரம் அமர முடியாது. பத்திரகாளி அம்மன் கோயிலில் தூணோரம் ஒரு சிறு கதிரையில் அமர்கிறேன். ஒன்பதாம் மாதத்தில், பிரட்ரிக் கோட்டை வாசலில் மான்களைக் கடந்து கோணேசர் கோயில் வரை ஏற்றத்தில் நடந்தே போனேன். 12 மாத எக்ஸ்றேயில் இரண்டு முள்ளென்புகளுக்கும் இடையில் என்பு சேர்ந்திருப்பது தெரிந்தது. இணைந்த மூட்டு அசையாததால் அதற்கு மேலுள்ள மூட்டுக்குச் சுமை கூடும் என்பதும், சிலருக்கு ஆண்டுகள் கழித்து அவ்விடம் தேயக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் பயிற்சியை நிறுத்தவில்லை.

இரண்டாம் நிபுணரின் ஆலோசனைக்கு ஐந்துக்கு ஐந்து. சத்திரசிகிச்சைக்கு ஐந்து, விடுதிக் கவனிப்புக்கு நான்கு, வீட்டுக்கு அனுப்பிய விதத்துக்கு ஒன்று. இயன்மருத்துவத்துக்கு நான்கு. அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெற வழியுண்டு. காத்திருக்க முடிந்தவர்கள், பெருவிரல் தளராதவர்கள், முதலில் அங்கேயே கிளினிக்குக்குச் சென்று பெயரைப் பதியுங்கள். காத்திருக்கும் காலத்தைப் பயிற்சிக்கும் சீனியைக் குறைப்பதற்கும் பயன்படுத்தலாம். கால் வலி இல்லாமல் நாரி வலிக்கு மட்டும் இணைப்புச் செய்யச் சொன்னால், ஏன் என்று கேட்டு விளங்கும்வரை கையொப்பமிடாதீர்கள்.

மகள் தமிழில் எழுதிய அந்த ஆபத்து அறிகுறித் தாளை இப்போது பிரதியெடுத்து இயன்மருத்துவத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். புதிதாகத் தன்னிடம் வருகின்றவர்களுக்கு அவர் அதைக் கொடுக்கிறார். எனக்கு அடுத்த எக்ஸ்றே வரும் மாசியில். இந்தத் தடவை வெள்ளவத்தையில் 2 இரவுகள் தங்கிவிட்டுத்தான் திரும்புவோம் என்று மச்சாளிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.